சித்தி வளர்த்த பாவி

தன் கணவரைக் கொன்றவனுக்குச் சித்தி வாரம் தவறாமல் சாப்பாடு போட்டாள். ஆட்டு ரத்தம் கலந்த அகர் என்ற கடற்பாசிக் களியை ஒரு வட்டத் தட்டில் ஊற்றுவாள். அது இறுகியதும், வளையக் கம்பியின் நுனியால் பழைய தட்டிலிருந்து ஒரு புள்ளியை எடுத்துப் புதிய தட்டில் கோடு கோடாக இழுப்பாள். "தின்னுடா பாவி, நல்லா தின்னு. உன்னைச் சாட்சி சொல்ல வைக்கிற வரைக்கும் நீ செத்துடக் கூடாது" என்பாள். பிறகு மூடியைப் போட்டு, உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் தட்டைத் தள்ளிக் கதவைச் சாத்துவாள். கொஞ்சம் பலமாகவே சாத்துவாள்.

சித்தி ஒரு பெரிய மருத்துவமனையின் கிருமி ஆய்வகத்தில் டெக்னீஷியன். சீழ், சிறுநீர், ரத்தம் என்று எது வந்தாலும் தட்டில் இழுத்து, வளர வைத்து, அது என்ன கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்த்துச் சொல்வது வேலை. ஜன்னலுக்கு அடித்த பெயிண்ட் ஜன்னலையும் சட்டத்தையும் சேர்த்து ஒட்டிவிட்டதால் அந்த அறைக்குக் காற்று கிடையாது. நடுவில் ஒரு பர்னர் நீலமாக எரியும். சித்தி தட்டைத் திறக்காமலே வாசனையை வைத்து ஆளைச் சொல்லிவிடுவாள். அவள் 'பாவி' என்று அழைத்த கிருமியின் படிப்புப் பெயர் சூடோமோனாஸ். அது வளர்ந்தால் தட்டு பச்சையாகும். அழுகத் தொடங்கிய திராட்சையின் வாசம் அடிக்கும். அந்த வாசம் சித்தியின் கோட்டிலிருந்தும் வரும்.

மறதி என்பது சித்திக்குச் சுத்தமாக வராது. ஒருமுறை பஸ் கண்டக்டர் ஒருவர் அவள் ஏறப்போகும்போது முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்திவிட்டார். வருடங்கள் கழித்து அதே ஆள் தன் சிறுநீர் டப்பாவோடு ஆய்வகக் கவுண்டரில் வந்து நின்றார். சித்தி அவரை நன்றாகப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், "டைம் முடிஞ்சுது, அடுத்த வண்டியில வாங்க" என்று கவுண்டர் ஷட்டரை இறக்கினாள். சித்தப்பா இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர் லிஃப்ட் மெக்கானிக். "உங்க சித்திகிட்ட சண்டை போட்டுட்டு லிஃப்ட்ல ஏறித் தப்பிக்க முடியாது. மேல் மாடியில கதவு திறந்தா அங்கயும் அவதான் நிப்பா" என்பார். சித்தி முறைப்பாள். அவருக்கு மட்டும்தான் அந்த முறைப்பு சும்மா.

சித்தப்பாவுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. பெரிய விஷயம் ஒன்றுமில்லை, உள்ளே ஸ்கோப் விட்டு உடைத்து எடுத்துவிடலாம் என்றார்கள். ஸ்கோப் என்பது மெல்லிய நீளக் குழாய். அதற்குள்ளே அதைவிட மெல்லிய இன்னொரு வழி உண்டு. இந்த வேலையில் பேர் போனவர் ஒரு டாக்டர். அவருடைய கிளினிக்கில் தரை, சுவர், கதவுப் பிடி எல்லாம் பளபளக்கும். குனிந்தால் தரையில் நம் முகம் தெரியும். அதனால் எல்லோரும் அவரைக் கண்ணாடி டாக்டர் என்றார்கள். சித்தப்பா அங்கே போனார். கல் உடைந்தது. சிறுநீர் தடையில்லாமல் இறங்குவதற்காக உள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயை வைத்து அனுப்பினார்கள்.

அந்த வாரமே காய்ச்சல். நடுக்கத்தில் கட்டில் ஆடியது. சித்தி அவரைத் தன் மருத்துவமனைக்கே கொண்டுவந்தாள். சித்தப்பாவின் ரத்தம் சித்தியின் மேசைக்கு வந்தது. இழுத்தது அவள் கைதான். தட்டு பச்சையானது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சித்திக்குப் புரியாமல் வலித்தது. எந்த மருந்தைத் தட்டில் வைத்தாலும் பாவி செத்தான். அதே மருந்தை நரம்பில் ஏற்றினால் உடம்பில் சாகவில்லை. காய்ச்சல் இறங்கும், மறுபடி ஏறும். ஒற்றையாக அலையும் கிருமி மருந்துக்குப் பயப்படும். அதுவே ஒரு பிளாஸ்டிக் சுவரைக் கண்டுவிட்டால் கூட்டமாக ஒட்டிக்கொள்ளும். தன்னைச் சுற்றிப் பிசின் சுரந்து, அந்தப் பிசின் படலத்துக்குள் ஊர் மாதிரி குடியேறிவிடும். மருந்து அந்த ஊரின் வெளிச்சுவரைச் சுரண்டிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இப்படிப் பிசின் சுரக்கும் வித்தை எல்லாக் கிருமிக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. அதற்கென்று சில மரபணுக்கள் உண்டு. அவை முழுசாக இருந்தால்தான் படலம் கட்டும். சித்தப்பாவுக்குள் வந்தவனிடம் எல்லாம் முழுசாக இருந்தன. உள்ளே வைத்த குழாயை எடுப்பதற்குள் கிருமி ரத்தம் முழுக்கப் பரவிவிட்டது. சித்தப்பா போய்விட்டார்.

அவர் போவதற்கு முந்தின நாள் கண்ணாடி டாக்டர் பார்க்க வந்தார். தீவிர சிகிச்சை அறைக்கு வெளியே, நாற்காலிகள் போட்ட நடையில் சித்தி அவரை மறித்தாள்.

"உங்க ஸ்கோப்பை எப்படிக் கழுவறீங்க டாக்டர்? உள் வழியில பிரஷ் விடறீங்களா?"

"எங்க ரூம் தரையில சாப்பாட்டைக் கொட்டிச் சாப்பிடலாம்மா." அவர் சிரித்தார். "நீங்க எங்க வேலை பார்க்கறீங்கன்னு சொன்னாங்க?"

"இங்கதான். லேப்ல."

"அப்ப இந்தக் கிருமியைத் தினமும் தொடறது நீங்கதானே? வீட்டுக்குப் போய் அவருக்குச் சாப்பாடு போடறதும் அதே கைதானே? கையை ஒழுங்காக் கழுவினீங்களான்னு முதல்ல யோசிச்சுப் பாருங்க. எங்கிட்ட அப்புறமா வரலாம்."

இதைக் கேட்டது சித்தி மட்டுமில்லை. பக்கத்து நாற்காலியில் சித்தியின் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். சித்தப்பாவுக்கு அக்கா. தாய்க்குப் பின் தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அவள் மெதுவாகத் திரும்பி, சித்தியின் முகத்தை விட்டுவிட்டுக் கைகளைப் பார்த்தாள்.

அதன் பிறகு நாத்தனார் அந்த வீட்டில் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கவில்லை. துக்கத்துக்கு வந்தபோதே தன் பாட்டிலோடு வந்தாள். சித்தி நீட்டிய டம்ளரை வாங்கிக் குடிக்காமல் கவிழ்த்து வைத்தாள். தன் பேத்தியைச் சித்தி தூக்கப்போனால் சட்டென்று இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். சொந்தக்காரர்களிடம் "என் தம்பியைக் கையாலயே முடிச்சுட்டா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பி, போக்கிடம் இல்லாமல் சித்தி வீட்டில் தங்கியபோதும் அந்த டம்ளர் கவிழ்ந்தபடியேதான் இருந்தது.

"எடுத்து வைக்கக் கூடாதா சித்தி?"

"அதைக் கவுத்தவங்களே நிமிர்த்தட்டும்" என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள். "அந்த டாக்டர் சொன்னது வலிக்கலடி. அவன் புளுகன். அண்ணி நம்பினாங்களே, அதுதான் அறுக்குது. அதைவிட, ஒரு நிமிஷம் நானே நம்பிட்டேன். இந்தக் கையை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு பார்த்துக்கிட்டே நின்னேன். அந்த ஒரு நிமிஷத்துக்கு அவனை நான் விடப்போறதில்ல. அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு அவன் வாயாலயே சொல்லணும். அண்ணி காதுல விழணும்."

அதற்காகத்தான் பாவியை வளர்த்தாள். முடிவு எழுதியபின் தட்டுகளை நீராவியில் வேகவைத்து எறிந்துவிட வேண்டும் என்பது ஆய்வக விதி. உறைபெட்டியில் ஒரு துளி போட்டு வைத்தால் கிருமி அப்படியே மாறாமல் கிடக்கும், ஆனால் அதன் சாவி ஆய்வகத் தலைவரிடம். அவர் "ரிப்போர்ட் போனதை வெச்சுக்க இது மியூசியமா?" என்று கேட்டுக் கைவிரித்துவிட்டார். சித்தி அவரையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். பிறகு ஒரு தட்டை ஒளித்து வைத்தாள். காயக் காயப் புதிய தட்டுக்கு மாற்றினாள்.

மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்துக் கால் தேய நடந்தாள். "இன்னிக்கு வா, நாளைக்கு வா" என்று இழுத்தடித்தார்கள். "நாளைக்கும் வர்றேன், அதுக்கடுத்த நாளும் வர்றேன். எனக்கு வீட்ல யாருக்கும் சமைக்க வேண்டியதில்ல" என்று அங்கேயே உட்கார்ந்தாள். கடைசியில் விசாரணைக் குழு ஒன்று போட்டார்கள். கிருமியைச் சோதிக்கும் பொறுப்பை ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஒரு பெண்மணிக்குக் கொடுத்தார்கள். அவர் கிருமிகளின் மரபணுக்களை எழுத்து எழுத்தாகப் படிப்பவர். சித்தி அவருக்கு ஜீன்காரம்மா என்று பெயர் வைத்தாள். கழுத்தில் எப்போதும் இரண்டு மூக்குக் கண்ணாடிகள் தொங்கும், மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பார். சித்தி ஒரு தட்டை அவரிடம் ஒப்படைத்தாள், அதிலிருந்தே இழுத்த இன்னொன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு சும்மா இருந்திருக்கலாம். சித்தியால் முடியவில்லை. குழு வந்து ஸ்கோப்பைக் கைப்பற்றுவதற்கு முன்னால் அதைப் புதிதாக மாற்றிவிடுவார்களோ என்ற பயத்தில் ஒரு நாள் கைப்பையோடு கிளினிக்குக்குப் போனாள். தடுத்தவர்களைத் தள்ளிவிட்டு ஸ்கோப் அறைக்குள் நுழைந்தாள். ஸ்கோப் வைத்திருந்த டிரேயைக் கையால் தட்டி, "இதை மாத்தினீங்க, இந்தக் கட்டடத்தையே நடுத்தெருவுக்குக் கொண்டுவருவேன்" என்று கத்தினாள். மூலையில் இருந்த கேமரா எல்லாவற்றையும் பார்த்தது.

மறு வாரம் குழு ஸ்கோப்பை எடுத்துப்போய் நீளவாக்கில் பிளந்தது. வெளியே கண்ணாடி. உள் வழியில், சுவரோடு சுவராக, பச்சை கலந்த மஞ்சளில் வழவழவென்று ஒரு தோல். நகத்தால் சுரண்டினால் நூலாக இழுத்தது. நோயாளி மாற்றி நோயாளி என்று அவசரத்தில் வெளியே துடைத்திருக்கிறார்கள். உள்ளே பிரஷ் போய் எவ்வளவு காலமாயிற்றோ!

"மாட்டினான்டி" என்றாள் சித்தி. அன்று அவள் பாட்டு முணுமுணுத்தாள்.

முதல் விசாரணையில் அந்தப் பாட்டு நின்றது. ஜீன்காரம்மா இரண்டு கண்ணாடிக் குழாய்களைக் கொண்டுவந்திருந்தார். ஒன்றில் ஸ்கோப்பில் கிடைத்த கிருமியையும் மற்றதில் சித்தியின் தட்டில் இருந்த கிருமியையும் வளர்த்து, திரவத்தைக் கொட்டிக் கழுவி, ஊதாச் சாயம் ஊற்றியிருந்தார். படலம் கட்டியிருந்தால் சாயம் அதில் ஒட்டும். ஸ்கோப் கிருமியின் குழாயில் கழுவக் கழுவப் போகாத ஊதா வளையம். சித்தியின் குழாய் இப்போதுதான் கடையிலிருந்து வாங்கியதுபோல் சுத்தமாக இருந்தது.

கண்ணாடி டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "பார்த்தீங்களா? இது ஒட்டுது, அது ஒட்டல. ரெண்டும் வேற வேற. எங்க ஸ்கோப்ல ஏதோ அழுக்கு இருந்திருக்கலாம், ஒத்துக்கறேன். ஆனா அவரைக் கொன்னது இது இல்ல. அது இந்தம்மா லேப்ல இருந்து போனது." பிறகு அவர் தரப்புச் சாட்சியைக் கூப்பிட்டார். எழுந்து வந்தது நாத்தனார்.

"அவ கை எப்பவும் ஒரு மாதிரி நாத்தம் அடிக்கும்ங்க" என்றாள் நாத்தனார், சித்தியைப் பார்க்காமல். "அழுகின பழம் மாதிரி. அந்தக் கையாலதான் என் தம்பிக்குப் பிசைஞ்சு போட்டா."

சித்தி வீட்டுக்கு வந்து சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் கையை நீட்டியபடி நின்றாள். "அப்ப வேறதானா? அப்ப என் கைதானா?" என்று குழாயிடம் கேட்டாள். நான் போய்த்தான் தண்ணீரை நிறுத்தினேன்.

கொஞ்ச நாளில் ஜீன்காரம்மா கூப்பிட்டனுப்பினார். அவருடைய அறையில் மேசை தெரியாத அளவுக்குக் காகிதம். உட்காரச் சொல்லாமலே ஆரம்பித்தார்.

"தட்டு மாத்தும்போது எந்தக் காலனியை எடுப்பீங்க?"

தட்டில் ஒவ்வொரு கிருமியும் பெருகிக் குட்டிப் பொட்டாகத் திரளும். அதற்குக் காலனி என்று பெயர்.

"நல்லா உருண்டையா, பளபளன்னு, தனியா நிக்கறதைத்தான். வேறென்ன?"

"சுருங்கிப்போன மாதிரி, காய்ஞ்ச ஆரஞ்சுத் தோல் மாதிரி சிலது இருந்திருக்குமே?"

"முதல்ல எல்லாமே அப்படித்தான் இருந்துச்சு. சனியன், கம்பியில வராது. தொட்டா தோல் மாதிரி முழுசாப் பிஞ்சு வரும், கோடு கோணலாகும். நடுவுல ஒண்ணு ரெண்டு உருண்டையா வந்துச்சு. அது வெண்ணெய் மாதிரி வரும். அப்புறம் அதையே எடுத்தேன்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

ஜீன்காரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "சுருங்கி இருந்ததுதாம்மா பிசின் சுரக்கிறது! அதுதான் உங்க வீட்டுக்காரரைக் கொன்னது. பிசின் சுரக்கறது கஷ்டமான வேலை. உங்க தட்டுல சாப்பாடு இருக்கு, சூடு இருக்கு, மருந்து இல்ல, எதிரி இல்ல. அங்க எதுக்குப் பிசின்? அந்த மரபணுவைத் தொலைச்சவன் சோம்பேறியா, உருண்டையா, சீக்கிரமா வளர்ந்தான். நீங்களும் தேடித் தேடி அவனுக்கே சாப்பாடு போட்டிருக்கீங்க. காலேஜ்ல முதல் வருஷமே சொல்லிக் கொடுக்கற பாடம் இது. பழைய தட்டுல இருந்து புதுத் தட்டுன்னு ஓட்டக் கூடாது, முதல்லயே உறைய வைக்கணும்."

சித்தி தலை குனிந்து நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். கொலைகாரனைக் கூண்டில் ஏற்றுவதற்காக ஊட்டி ஊட்டி வளர்த்து, கடைசியில் அவன் கையிலிருந்த கத்தியை அவளே பிடுங்கிப் போட்டிருக்கிறாள். இத்தனை வருட வேலையில் சுத்தமான, அழகான காலனியை எடுத்தே பழகிய கை அது. அந்தப் பழக்கம் அவளைக் கேட்காமலே வேலை செய்திருக்கிறது.

"அப்ப எல்லாம் போச்சா?"

"யார் சொன்னது? முழுசாப் படிச்சுட்டேன். ரெண்டும் ஒரே குடும்பம். எழுத்துக்கு எழுத்து ஒண்ணு. உங்களோடதுல அந்தப் பிசின் மரபணு இருக்கற இடத்துல மட்டும் ஒரு பெரிய துண்டையே காணோம்."

சித்தி நிமிர்ந்தாள். அந்த நிமிர்வைப் பார்த்தபோது எனக்குக் கண்டக்டரின் ஞாபகம் வந்தது.

இரண்டாவது விசாரணையில் ஜீன்காரம்மா இதைச் சொன்னதும் கண்ணாடி டாக்டர் ஒரு கணம்தான் தடுமாறினார். பிறகு கேமராப் படத்தைப் போடச் சொன்னார். திரையில் சித்தி கைப்பையோடு ஸ்கோப் அறைக்குள் நுழைந்தாள். ஸ்கோப் டிரேயைத் தட்டினாள். கத்தினாள்.

"ஒரே கிருமின்னு இப்ப நிரூபிச்சாச்சு இல்லையா? சந்தோஷம். இந்தம்மா மாசக்கணக்கா அதை ஒளிச்சு வளர்த்திருக்காங்க. பையில கொண்டுவந்து எங்க ஸ்கோப்ல தடவிட்டுப் போயிட்டாங்க. வேற எப்படி வரும்?"

சித்தி எழுந்தாள். "போன தடவை வேற கிருமின்னீங்க. இந்தத் தடவை என்னோட கிருமிங்கறீங்க. அடுத்த தடவை என்ன, உங்க கிளினிக்கே என்னோடதுன்னு சொல்வீங்களா?"

யாரோ சிரித்தார்கள். ஆனால் குழுத் தலைவர் சிரிக்கவில்லை. திரையில் உறைந்து நின்ற சித்தியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ நேரத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று எழுந்தார்.

வராந்தாவில் சித்தியைத் தனியாகப் பிடித்தேன். கேட்கக் கூடாதுதான். கேட்டேன்.

"சித்தி, நீங்க வைக்கலயே?"

"நினைச்சேன்" என்றாள், கண்ணை எடுக்காமல். "பையில ஒரு தட்டு வெச்சிருந்தேன். உள்ளே போற வரைக்கும் அந்த நினைப்புதான். அந்த ஸ்கோப்பைத் தொட்டப்பதான் தோணுச்சு. நானா வெச்சு அவன் மாட்டினா, அவன் பண்ணினதுக்கு அவன் மாட்டின மாதிரி ஆகாதே. எனக்கு அது பத்தாதுடி. அவன் பண்ணினதுக்கே அவன் மாட்டணும்."

"இதை யார் நம்புவாங்க?"

"நீ நம்பறியா?"

நான் நம்பினேன். சித்திக்கு நல்ல குணம் என்பதால் இல்லை. அவள் பழியில் கலப்படம் செய்யமாட்டாள் என்பதால்.

உள்ளே போனதும் ஜீன்காரம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடி, கழுத்திலிருந்தே எடுத்து மாட்டிக்கொண்டார்.

"டாக்டர் சொல்றபடியே வெச்சுக்குவோம். இந்தம்மா கொண்டுபோய்த் தடவினாங்க. எதைத் தடவியிருப்பாங்க? அவங்ககிட்ட இருந்ததைத்தானே? அவங்க கிளினிக்குக்குள்ள போறதுக்கு முன்னாடியே தட்டு என் கைக்கு வந்துடுச்சு. அப்பவே அதுல பிசின் மரபணு கிடையாது. ஒரு எழுத்து மாறியிருந்தா திரும்ப மாறலாம். இது துண்டாவே போயிடுச்சு. தொலைஞ்ச துண்டு தானா முளைக்காது. உங்க ஸ்கோப்ல இருக்கறவனுக்கு அது முழுசா இருக்கு. கை அறுந்து போனவன் புதுசாக் கை முளைச்சு வந்து உங்க குழாயில படலம் கட்டினான்னு சொல்றீங்களா?"

"பழசை உறைய வெச்சிருந்திருக்கலாம்!"

குழுத் தலைவர், சாட்சியாக வந்திருந்த ஆய்வகத் தலைவரைப் பார்த்தார். அவர் எழுந்து தொண்டையைச் செருமினார். "கேட்டாங்க. நான் சாவி தரல. அந்தப் பெட்டியை என்னைத் தவிர யாரும் திறக்க முடியாது" என்றார். சித்தி பல மாதம் சபித்த சாவி அது.

"இன்னும் ஒண்ணு" என்றார் ஜீன்காரம்மா. "ஸ்கோப்புக்குள்ள இருக்கறது ஒரு ஆள் இல்ல. ஒரே குடும்பத்துல பல கிளை. ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சமா மாறியிருக்கு. அப்படிக் கிளை விட ரொம்ப காலம் ஆகும். நேத்து தடவினதுல வராது. இறந்தவர் உடம்புல இருந்து வந்தது அதுல ஒரே ஒரு கிளை. மரம் உங்க குழாயில இருக்கு டாக்டர்."

கிளினிக்கை மூடச் சொல்லியும், டாக்டர் தொழில் செய்யக் கூடாது என்று தடை போட்டும் குழு தீர்ப்புச் சொன்னது. புகார் கொடுத்தவர் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று தலைவர் கேட்டார்.

"சொல்ல ஒண்ணும் இல்லைங்க. கேட்கத்தான் இருக்கு." சித்தி எழுந்து திரும்பி, பின் வரிசையில் உட்கார்ந்திருந்த நாத்தனாரைக் காட்டினாள். "இவங்க முன்னாடி ஒருத்தர் என் கையைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னார். அதே ஆள், இவங்க முன்னாடியே, அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்லணும்."

இதெல்லாம் விசாரணை முறையில் இல்லை என்று டாக்டர் முனகினார். தலைவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். டாக்டர் எழுந்தார்.

"ஸ்கோப்ல இருந்துதான்."

"எந்த ஸ்கோப்?"

"எங்க கிளினிக் ஸ்கோப்."

"என் கை?"

"உங்க கையில இருந்து இல்ல."

"கேட்கல. பின்னாடி வரைக்கும் விழணும். தரையில சாப்பிடலாம்னு சொன்னப்ப நல்லா சத்தமா சொன்னீங்களே!"

அவர் சத்தமாகச் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்தது. சித்தி அவரைக் கடைசி வார்த்தை வரை பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். அன்று அவள் இரக்கப்பட்டதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நான் பக்கத்தில் இருந்தேன். அவள் முகம் நன்றாகச் சாப்பிட்டு எழுந்தவள் முகம்.

வெளியே வந்ததும் தன்னிடம் மிச்சமிருந்த தட்டை ஜீன்காரம்மாவிடம் நீட்டினாள். "இதை நீராவியில போட்டுக் கொல்லணும். நான் பக்கத்துல நிக்கணும்."

"கொல்ல வேண்டாம்மா. பிசின் இருக்கற அண்ணன், பிசின் இல்லாத தம்பி, ரெண்டு பேரும் இப்படி ஜோடியா கிடைக்கறது அபூர்வம். படலத்தை எப்படி உடைக்கறதுன்னு இவங்களை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். எங்க பெட்டியில உறைய வெச்சுடறேன்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"காலாகாலத்துக்கும்."

சித்தி யோசித்தாள். "சாப்பாடு?"

"கிடையாது."

"அசைய முடியுமா?"

"ஒரு அணு அசையாது."

"அப்ப சரி. தூக்கு வேண்டாம், ஆயுள் தண்டனையே இருக்கட்டும். கிடக்கட்டும் பாவி" என்று தட்டைக் கொடுத்தாள்.

அந்த வாரம் நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். இந்தத் தடவை கையில் பாட்டில் இல்லை. கதவருகில் நின்று அழுதாள். உள்ளே வந்து கவிழ்ந்திருந்த டம்ளரைத் தானே நிமிர்த்தி, புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"யாரோ சொன்னதைக் கேட்டு என் வாயும் கெட்டுப்போச்சு. பெத்த பிள்ளை மாதிரி வளர்த்த தம்பி போயிட்டானேன்னு புத்தி பேதலிச்சுடுச்சு. உன் கையால ஒரு வாய் தண்ணி கொடு, போதும்" என்று டம்ளரை நீட்டினாள்.

சித்தி டம்ளரை வாங்கவில்லை. "இருங்க அண்ணி, கை கழுவிட்டு வர்றேன்" என்றாள்.

குழாயடியில் நின்று கழுவினாள். ஆய்வகத்தில் கழுவுவதுபோல் கழுவினாள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. சோப்பு நுரை முழங்கை வரை ஏறியது. அலசினாள். மறுபடி சோப்பை எடுத்தாள். நாத்தனார் டம்ளரைப் பிடித்தபடி நின்றாள். எனக்கே கால் வலித்தது. நாற்காலி ஒன்றை இழுத்துப் போடப்போனேன். சித்தி திரும்பாமலே "வேண்டாம்" என்றாள்.

கடைசியில் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஈரம் இல்லாமல், ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். இரண்டு கைகளையும் நாத்தனாரின் மூக்குக்குக் கீழே நீட்டினாள்.

"பாருங்க, நாத்தம் இருக்கா?"

நாத்தனார் இல்லை என்று தலையை ஆட்டினாள். கண்ணீர் டம்ளருக்குள் விழுந்தது.

"இல்லைதானே?" சித்தி கைகளை மடக்கிக்கொண்டாள். "குழாய் அங்க இருக்கு அண்ணி. நீங்களே பிடிச்சுக் குடிச்சுக்கங்க."